சிவப்பு நூல் கட்டிய கோப்பு

போன மாதம் கவிதா போன் செய்தாள். கடலூரில் நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பதிவேட்டு அறையில் எனக்குப் பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள்.

"அக்கா, ராக்கு எல்லாத்தயும் கழட்டி வெளிய போட்டுட்டாங்க. இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தானாம். புதுசா சேந்த புள்ளைங்களுக்கு ஒரு சின்ன புத்தகம் போடறாங்க. பழைய முறையப் பத்தி உங்கள நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னாரு மேனேஜரு."

"என்னாத்த எழுதறது?"

"நல்லதா ஏதாவது எழுதுங்கக்கா. இருபத்திரண்டு வருசம் இருந்திருக்கீங்க. ஒரு நல்லதுகூடவா இருக்காது?"

இருக்கத்தான் செய்தது. விபத்தில் நினைவிழந்து வந்தவரின் பழைய கோப்பை மூன்று நிமிடத்தில் எடுத்துக் கொடுத்து, அவருக்கு ஒத்துக்கொள்ளாத ஊசியைப் போடாமல் தடுத்திருக்கிறேன். அதற்காக ஒரு பொங்கல் விழாவில் சில்வர் குடமும் கொடுத்தார்கள். அதையெல்லாம் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வந்தது வேறு. மேனேஜர் இதை அச்சிடமாட்டார் என்று தெரியும். இருந்தாலும் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

நான் தாவரவியல் பட்டம் படித்துவிட்டு, ஆறு மாதப் பயிற்சி முடித்து, 1990இல் அங்கே சேர்ந்தேன். சிதம்பரத்திலிருந்து தினம் பஸ். பயிற்சியில் கற்றது கொஞ்சம். வேலையைக் கற்றுக்கொடுத்தது என் மேலதிகாரி தேவசகாயம் சார்தான்.

ராணுவத்தின் ஆவணப் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். தினமும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. கோப்பைத் தொடுமுன் கை கழுவச் சொல்வார். மேசையில் எந்தக் கோப்பும் திறந்து கிடக்கக் கூடாது. ஒரு கோப்பு அலமாரியை விட்டுப் போனால், அதன் இடத்தில் யார் கொண்டுபோனார்கள் என்று எழுதிய மஞ்சள் அட்டை நிற்க வேண்டும். அட்டை வைக்காமல் ஒரு டாக்டர் கோப்பை எடுத்துப் போய்விட்டால், சார் அட்டையோடு போய் அவருடைய அறை வாசலில் நின்றுவிடுவார். நோயாளிகள் பார்க்க, சத்தமாகவே சொல்வார்: "டாக்டரய்யா, பைலு என்ன உங்க வூட்டுப் பசுமாடா, கேக்காம அவுத்துகிட்டு வர்றதுக்கு? கையெழுத்தப் போடுங்க." டாக்டர்கள் சிரித்துக்கொண்டே போடுவார்கள். போடாதவர் யாரும் இல்லை.

எங்கள் வேலையின் முக்கியமான பகுதி குறியீடு போடுவது. நோயாளி வீட்டுக்குப் போனதும் கோப்பு எங்களிடம் வரும். டாக்டர் எழுதியிருக்கும் நோயின் பெயரை, உலகம் முழுக்கப் பயன்படுத்தும் ஒரு தடித்த புத்தகத்தில் தேடி, அதற்குரிய எழுத்தையும் எண்ணையும் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். 'சி' என்று தொடங்கினால் புற்றுநோய். அந்தக் கோப்பின் முதுகில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனி அலமாரியில் வைப்போம். அதை எப்போதும் அழிக்கக் கூடாது. போலீஸ் கேஸுக்கும் அப்படியே. மற்றவை, நோயாளி வீட்டுக்குப் போன நாளிலிருந்து ஐந்து வருடம். 'டி' வரிசையின் பிற்பகுதியில் இரத்தம் சம்பந்தப்பட்ட, ஆனால் புற்றுநோய் அல்லாத நோய்கள் வரும். எங்கள் மருத்துவமனையின் விதிப்படி அதற்கும் ஐந்து வருடம்தான்.

சாருக்கு இன்னொரு விதி உண்டு. அது எந்தக் காகிதத்திலும் எழுதப்பட்டதில்லை. நோயாளியின் வீட்டார் வந்து, "இது என்னா நோவுங்க?" என்று எங்களிடம் கேட்பார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருப்போம் அல்லவா. "தெரியாதுங்க, டாக்டரக் கேளுங்க" என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். தெரிந்தாலும் அப்படித்தான்.

"எடுக்கறதும் வெக்கறதும்தான் நம்ம வேலை. சொல்றது நம்ம வேலை இல்ல, வசந்தா," என்பார்.

எனக்கு அது இரக்கமில்லாத விதியாகப் பட்டது. கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து எனக்கு ஒரு பெண் பிறந்திருந்தாள், நித்யா. ஒரு தும்மலுக்குக்கூடத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் நான். வாசலில் குழந்தையோடு நிற்கும் தாயிடம் தெரியாது என்று சொல்ல என் நாக்கு வரவில்லை.

2004இல் அபிநயாவின் கோப்பு வந்தது. மூன்று வயது. நித்யாவுக்கும் அப்போது மூன்று. தலையில் பொடுகு மாதிரி செதில் செதிலாக ஏதோ வந்து போகவே இல்லை. காதில் சீழ். பிறகு மண்டையில் மெத்தென்று ஒரு வீக்கம். எக்ஸ்ரேயில் எலும்பில் காசு அளவுக்கு ஓட்டை. சதை எடுத்துப் பரிசோதித்து டாக்டர் எழுதியிருந்த பெயர், லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ். பதினான்கு வருட வேலையில் நான் முதன்முதலாகப் பார்த்த பெயர். நீளமான அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்துப் புத்தகத்தில் தேட எனக்கு அரைநாள் ஆனது. 'டி' வரிசையில் இருந்தது. எழுதினேன். முதுகில் ஸ்டிக்கர் ஒட்டவில்லை. அந்தக் குழந்தையின் தாயைப் பார்க்காமலே எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரமே அந்தத் தாயைப் பஸ்ஸில் பார்த்தேன். வாரம் ஒரு ஊசிக்காகக் குழந்தையைச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்குக் கூட்டிவந்து கொண்டிருந்தாள். பெயர் மங்கை. கணவர் காட்டுமன்னார்கோயில் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் மெஷின் பார்ப்பவர். என் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குழந்தைக்கு முகம் உப்பியிருந்தது. தலையைப் பாதி சிரைத்திருந்தார்கள். செம்மங்குப்பம் வந்ததும் கெமிக்கல் கம்பெனி நாற்றத்துக்காக எல்லோரும் ஜன்னலை மூடினோம். அவள் குழந்தையின் மூக்கை முந்தானையால் பொத்தினாள்.

"இந்தக் காத்துலதான் இப்படி ஆவுதாக்கா?"

"நீ சிதம்பரத்துல இருக்கற. இதுக்கும் அதுக்கும் என்ன?"

"தெருவுல எல்லாரும் கேன்சரு, கேன்சருன்றாங்க. டாக்டரு இங்கிலீஷ்ல ஒரு பேரச் சொல்றாரு. வாயில நொழைய மாட்டேங்குது. பாக்கலாம், பாக்கலாம்ன்றாரு. நீங்க ஆஸ்பத்திரியிலதான இருக்கீங்க. அதுதானாக்கா இது?"

எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேள் என்று சொல்லியிருக்க வேண்டும். மடியில் இருந்த குழந்தை என் கைக்கடிகாரத்தைப் பிடித்து இழுத்தது. நித்யாவும் அப்படித்தான் இழுப்பாள்.

"கேன்சர் இல்ல மங்கை. எங்க புத்தகத்துல கேன்சர் வரிசையிலயே அது கெடையாது. நான்தான அந்தக் கோடு நம்பரப் போட்டேன்? இன்னாத்துக்கு பயப்படற?"

அவள் அதற்குப் பிறகுதான் அழுதாள். இறங்கும் வரை என் கையை விடவில்லை. அன்று மதியம் எனக்குச் சோறு நன்றாக இறங்கியது. ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நினைத்தேன். எழுதும்போது இப்போது வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வருடம் நோய் திரும்பியது. கால் எலும்பில். உள்நோயாளியாகச் சேர்த்து மருந்தை மாற்றினார்கள். பல மாத சிகிச்சைக்குப் பிறகு, 2005 கடைசியில் சரியாகி வீட்டுக்குப் போனாள். கோப்பு இரண்டு அங்குலத் தடிமனில் என் மேசைக்கு வந்தது. மறுபடியும் 'டி' எழுதினேன். தேவசகாயம் சார் சரிபார்க்க எடுத்தவர் வெகுநேரம் கீழே வைக்கவில்லை.

"வசந்தா, இது கேன்சர் இல்லைங்கற."

"புத்தகத்துல டி தான் சார்."

"சரி. அப்ப கேன்சருக்குப் போடற மருந்து ஏன் போவுது?"

"அது டாக்டருக்குத்தான் சார் தெரியும்."

"அதத்தான் நானும் சொல்றேன். டாக்டருக்கே இது என்னான்னு இன்னும் முடிவாத் தெரியலன்னு நெனைக்கிறேன். புத்தகம் எழுதனவனும் மனுசன்தானே? இன்னைக்கி இங்க வெச்சிருக்கான். நாளைக்கி எடுத்து அங்க வெப்பான்."

டிராயரைத் திறந்து ஒரு கண்டு சிவப்பு நூலை எடுத்தார். அது அவருடைய சொந்த ஏற்பாடு. மனதுக்குச் சந்தேகம் தட்டும் கோப்பில் குறுக்கே ஒரு சுற்று சுற்றி முடிச்சுப் போடுவார். நூல் கட்டிய கோப்பு என்றால், காலம் முடிந்தாலும் ஒரு டாக்டரைக் கேட்காமல் அழிக்கக் கூடாது என்று அர்த்தம். பத்தாயிரக்கணக்கான கோப்புகளில் அப்படி ஐம்பது அறுபது இருந்திருக்கும். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். நான் வைத்தேன். எடுக்கிறதும் வைக்கிறதும்தானே என் வேலை.

வீட்டுக்கு அனுப்பும்போது மங்கைக்குக் கொடுத்த காகிதத்தில் டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை, தொடர்ந்து வர வேண்டும். ஒரு வருடம் சரியாக வந்தாள். 2007 பொங்கலுக்கு முன் பஸ்ஸில் பார்த்தபோது முகம் வாடியிருந்தது.

"எங்க நாத்தனா பீரோவுல துணி எடுக்கப் போயி, பாப்பா பைலப் பாத்துடுச்சிக்கா. அதுல கேன்சர் டாக்டரு சீலு இருக்குதுல்ல? 'எம் புள்ளைக்கி இவளத்தான் கட்டணும்னு நெனச்சிருந்தேன், நல்லகாலம் இப்பவே பாத்தேன்'னு கூடத்துல நின்னு சொல்லுது. பாப்பாவுக்கு வயசே அஞ்சரைக்கா. அந்தப் பையன் இன்னும் மூக்க ஒழுவவுட்டுகினு திரியறான்."

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு கேட்டாள். "பொம்பளப் புள்ள. நாளைக்கி யார் கண்ணுலயாவது திரும்பப் பட்டா என்னா பண்றது? அந்தக் காயிதமெல்லாம் இன்னும் வேணுமாக்கா?"

"நல்லாத்தான இருக்கா?"

"எட்டு ஊர் கேக்கக் கத்தறா."

"அப்பறம் என்ன? ஆஸ்பத்திரியில ஒரு காப்பி பத்திரமா இருக்குது, எங்கிட்ட. உன்னுத போகியில போட்டுட்டு நிம்மதியா இரு."

போட்டாள். எக்ஸ்ரே படம் மட்டும் எரியாமல் சுருண்டு நாறியது என்று தை பிறந்த பிறகு சொன்னாள். பைலோடு சேர்த்து அந்த நாத்தனாரின் பேச்சும் எரிந்தது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம். அதன் பிறகு அவள் இரத்தப் பரிசோதனைக்கு வரவில்லை. சீட்டு இல்லை, நோய் இல்லை, வரவேண்டிய தேதியும் இல்லை. மறு வருடம் மங்கைக்கு இரண்டாவது பெண், யாழினி பிறந்தாள்.

2008இல் தேவசகாயம் சார் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்த மேனேஜர் சின்ன வயது, சுறுசுறுப்பு. இடமில்லை, இடமில்லை என்பதுதான் அவருடைய பேச்சு. பழைய கோப்புகளை அழிக்கும் வேலை ஜனவரியில் நடக்கும். சார் இருந்தவரை மூன்று வாரம் ஆகும். ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் பதிவேட்டில் எழுத, சார் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்த பிறகுதான் மூட்டை கட்டுவோம். புதியவர் நான்கு நாளில் முடிக்கச் சொன்னார். "உள்ள என்ன இருக்குன்னு எதுக்கு மேடம் பாக்கறீங்க? கோடு இருக்குல்ல, அதுக்குத்தான கோடு."

2011 ஜனவரியில் அபிநயாவின் கோப்பு கைக்கு வந்தது. பெயரைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். வீட்டுக்குப் போய் ஐந்து வருடம் முடிந்துவிட்டது, நோய் ஒரு தடவைகூடத் திரும்ப வரவில்லை, பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று. சிவப்பு நூல் இருந்தது. அதன் அர்த்தம் தெரிந்தவள் அந்த அறையில் நான் ஒருத்திதான். மாடியேறிப் போய் ஒரு டாக்டரைக் கேட்டிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. இவளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்று கத்தரிக்கோலை எடுத்து நூலை வெட்டினேன். நூல் வீணாகக் கூடாது என்று அதையே மூட்டையின் வாயைக் கட்டப் பயன்படுத்தினேன். முதல் பக்கத்தைக் கிழித்து, பதிவேட்டில் எண், பெயர், குறியீடு, அழித்த தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அப்போது புதிதாகச் சேர்ந்திருந்த கவிதா எண் வாசித்தாள். மூட்டைகள் காகித ஆலைக்குப் போயின.

சில மாதம் கழித்துக் குறியீட்டுப் புத்தகத்துக்குத் திருத்தம் வந்தது. பழைய பக்கத்தில் புதிய சீட்டுகளை ஒட்டும் வேலை என்னுடையது. ஒட்டிக்கொண்டே வந்தவள் ஒரு சீட்டில் நின்றேன். லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸை 'டி' வரிசையிலிருந்து எடுத்து 'சி' வரிசையில் வைத்திருந்தார்கள். சார் சொன்ன அதே காரியம். பசை காய்ந்துவிட்டது. மறுபடி தடவி ஒட்டினேன். அதுதான் நன்றாக இருக்கிறாளே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மங்கைக்கு ஒரு போன் செய்து, பிள்ளைக்கு ஒருமுறை இரத்தம் பார்த்துவிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருமுறை கேன்சர் இல்லை என்று சொன்னவள், எந்த வாயால் அப்படிச் சொல்வது? எனக்கு என் வாயின் கௌரவம் பெரிதாக இருந்தது.

அந்த வருடக் கடைசியில் புயல் வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து மாவட்டமே மொட்டையாகக் கிடந்தது. பதினைந்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. அந்தக் கலவரத்தில் அபிநயாவுக்கு வந்த காய்ச்சலை எல்லோரும் புயல் காய்ச்சல் என்றே நினைத்தார்கள். ஈறில் இரத்தம் கசிந்து, தொடையில் நீலம் நீலமாகக் கன்றிய பிறகுதான் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள்.

பிப்ரவரியில் ஒரு காலை மங்கை பதிவேட்டு அறையின் ஜன்னலில் நின்றாள். மூச்சு வாங்கியது.

"அக்கா, சின்ன வயசுல என்னா மருந்து போட்டாங்கன்னு புதுச்சேரி டாக்டரம்மா கேக்கறாங்க. அதத் தெரிஞ்சிகிட்டா நல்லதாம். நான் போகியில போட்டுட்டேன்னு சொன்னேன், திட்டறாங்க. இங்க ஒரு காப்பி இருக்குதுன்னு சொன்னீங்கல்ல? நம்பரு எனக்கு மனப்பாடம்."

எண்ணைச் சொன்னாள். எனக்கும் மனப்பாடம்தான்.

அழித்துவிட்டேன் என்று அந்த நிமிடம் சொல்லியிருந்தால், அவள் உடனே திரும்பிப் போய் டாக்டரிடம் சொல்லியிருப்பாள். அவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள். நான், "தேடிப் பாக்கறேன், நாளைக்கி வா," என்றேன். இல்லாத கோப்பை அலமாரி அலமாரியாகத் தேடுவதுபோல் நடித்தேன். கவிதா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளும் மங்கை வந்தாள். "நாளைக்கி," என்றேன். மூன்றாம் நாள், "புயல்ல தண்ணி பூந்துடுச்சி மங்கை, அந்தப் பக்கத்து ராக்கு பூரா ஊறிப்போச்சு," என்றேன். தண்ணீர் புகுந்தது உண்மை. புகுந்தது சைக்கிள் ஸ்டாண்டில்.

கடலூரில் அபிநயாவைப் பார்த்த பழைய டாக்டர் வெளிநாடு போயிருந்தார். புதுச்சேரி டாக்டரம்மா அவரைப் பிடித்துக் கேட்டபோது, குழந்தையை நினைவிருக்கிறது, இரண்டாம் முறை என்ன மருந்து கொடுத்தேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றாராம். வார்டு மருந்துப் புத்தகத்தை, நாங்கள் கோப்பை அழிப்பதற்கு முன்பே அழித்திருந்தார்கள்.

நான்காம் நாள் லீவு போட்டுவிட்டுப் புதுச்சேரிக்குப் போனேன். அந்த டாக்டரம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். என்னைவிட இளையவர். திட்டவில்லை. ஒரு காகிதத்தில் மரம் மாதிரி வரைந்தார்.

"எலும்பு மஜ்ஜையில ஒரு தாய் செல் இருக்கு. இரத்தத்துல ஓடற செல்லும் அதுலேர்ந்துதான் வருது. சின்ன வயசுல இந்தப் பொண்ணோட எலும்புல கூடி ஓட்டை போட்டுச்சே, அந்த செல்லும் அதே மரத்துக் கிளைதான். பெரும்பாலான குழந்தைங்களுக்கு அதோட சரியாயிடும். ரொம்பக் கொஞ்சம் பேருக்கு வருசங்கழிச்சு இன்னொரு கிளையில நோய் வருது. ஏன்னு இன்னும் முழுசா யாருக்கும் தெரியாது. வேரே பழுதா இருக்கலாம். இல்ல, அன்னைக்கு நோயக் கொறைக்கக் கொடுத்த மருந்துல ஒண்ணே பின்னால இதைக் கொண்டாந்திருக்கலாம். அப்படி ஒரு மருந்து உண்டு. அது போட்டாங்களான்னுதான் எனக்குத் தெரியணும். அது தெரிஞ்சா அடுத்தடுத்த முடிவுக்கு உதவும். இப்ப குரோமோசோம் டெஸ்டுக்கு மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கேன். வரட்டும்."

"பைலு இருந்திருந்தா பொழச்சிடுவாளா டாக்டர்?"

"முதல் ஊசி எப்படியும் இதேதான் போட்டிருப்பேன்."

"ஆறு மாசத்துக்கு ஒருக்க ரத்தம் பாத்துகிட்டு வந்திருந்தா?"

அவர் பேனாவை மூடினார். "அதுக்கு நான் பதில் சொல்ல முடியாதும்மா."

வார்டுக்குப் போனேன். அபிநயாவுக்குப் பத்தரை வயது. மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. மங்கை, "ரெக்கார்டு ரூம் அக்கா," என்று என்னைக் காட்டினாள்.

"நீங்கதான் எம் பைல தொலச்ச ஆன்ட்டியா?" என்றாள் பிள்ளை. "நான் ஹோம்வொர்க் நோட்டத் தொலச்சா எங்க மிஸ்ஸு முட்டி போட வெப்பாங்க. உங்கள யாரும் ஒண்ணும் பண்ணலையா?"

மங்கை அவளை அதட்டினாள். பிள்ளை சிரித்தது. நானும் சிரித்தேன். 

ஜூனில் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்தேன். மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று காரணம் எழுதினேன். பொய்யில்லை. நித்யாவின் ஈறைத் தினமும் டார்ச் அடித்துப் பார்த்தேன். பள்ளியில் பெஞ்சில் இடித்துக்கொண்டு முழங்காலில் நீலமாக வந்ததற்கு மூன்று முறை இரத்தம் எடுக்க வைத்தேன். "உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்மா," என்றாள். ஆவணியில் அபிநயா போய்விட்டாள். சாவுக்குப் போனேன். வாசலில் நின்றுவிட்டு வந்தேன். அந்த நாத்தனார்தான் வருகிறவர்களிடம் எல்லாம், "எங்க வூட்டுக்கு மருமவளா வரவேண்டியவ," என்று மாரடித்துக்கொண்டிருந்தாள்.

கார்த்திகையில் ஒருநாள் மங்கை என் வீட்டுக்கு வந்தாள். இடுப்பில் யாழினி. நான்கு வயது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. குழந்தையின் தலைமுடியைப் பிரித்துக் காட்டினாள். செதில் செதிலாக இருந்தது.

"அக்கா, இது அது இல்லதான?"

நான் பார்த்தேன். பொடுகு மாதிரிதான் இருந்தது. அபிநயாவுக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது என்று கோப்பின் முதல் பக்கத்தில் படித்திருக்கிறேன்.

"ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. ராவெல்லாம் தூக்கம் இல்ல. நீங்க சொல்லிட்டா போதும்."

"எனக்குத் தெரியாது. டாக்டரக் கேக்கலாம். கெளம்பு."

இருபத்திரண்டு வருடத்தில் அந்த வாக்கியத்தை முதன்முறையாக முழுதாகச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தேன்.

பஸ் ஆலப்பாக்கத்தைத் தாண்டியது. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் சொல்ல மாட்டேன் என்று தெரிந்தது.

"மங்கை, பைலு தண்ணியில போவல. நான்தான் அழிச்சேன். புயலுக்கு ஒரு வருசம் முன்னாலயே. நூலை வெட்டி, கையெழுத்துப் போட்டு."

"தெரியும்," என்றாள். வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பவே கவிதா சொல்லுச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலயே ஓடிவந்து சொல்லிட்டு அழுதுச்சு."

"அப்பறம் ஏன் எங்கிட்ட வந்த?"

"வேற யாருகிட்ட போறது? போகியில போட்டது நான்தான? எங்கூட சேந்து தப்புப் பண்ணவங்க நீங்க ஒருத்தர்தான்." குழந்தையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "ஆனா ஒண்ணுக்கா. சொல்லக்கூடாத அன்னைக்கி வாயத் தொறந்து சொன்னீங்க. சொல்லுங்கன்னு கெஞ்சறேன், இன்னைக்கி வாய மூடிக்கிறீங்க. நல்லா இருக்குது உங்க நாயம்."

செம்மங்குப்பம் வந்தது. ஜன்னலை மூடினேன். அவள் யாழினியின் மூக்கைப் பொத்தினாள்.

புதுச்சேரியில் அதே டாக்டரம்மா குழந்தையின் தலை, காது, வயிறு எல்லாம் அழுத்திப் பார்த்தார். இரத்தம் எடுத்தார்கள். மண்டைக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். சாயங்காலம் ஆனது. "வெறும் பொடுகு. தடவ மருந்து எழுதியிருக்கேன். அக்காவுக்கு வந்துச்சுன்னு தங்கச்சிக்கு வர்ற நோய் இல்லம்மா அது. ஆயிரத்துல ஒண்ணுகூடக் கெடையாது," என்றார். மங்கை, கலைந்து கிடந்த குழந்தையின் முடியை அங்கேயே உட்கார்ந்து பின்னி முடித்தாள்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். யாழினி சோன்பப்டி கேட்டு அழுதாள். வாங்கிக் கொடுத்தேன். மங்கை, இரத்த ரிசல்ட்டையும் டாக்டர் சீட்டையும் எக்ஸ்ரே உறையையும் ஒன்றாக மடித்து என் கையில் வைத்தாள்.

"நீங்க வெச்சுக்குங்க."

"எனக்கெதுக்கு? உன் புள்ளயோடது. வூட்டுல பத்திரமா வையி."

"எங்க வூட்டுல வருசா வருசம் போகி வரும்க்கா," என்றாள்.

அந்தக் காகிதங்கள் இப்போது என் பீரோவில், நித்யாவின் ரிசல்ட்டுகளுக்கு மேல் இருக்கின்றன. குறுக்கே சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். கடையில் புதிதாக வாங்கியது.